பால் காய்ச்சாத வீடு

இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொந்த அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தவனை, கொட்டுகிற மழையில் வேப்ப மரத்தடியில் ஒரு மணி நேரம் நிற்க வைத்த ஊர் வேறெங்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை, மணி மூன்றரை. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் அண்ணனுக்கு வாங்கி வந்த கம்பளி. படியில் காலை வைக்கப் போனேன். எங்கள் பங்காளி தேவராசு அண்ணன் குடையோடு குறுக்கே வந்து நின்றார். அவருடைய சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட பஞ்சாங்கம். ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும் நாள் சொல்கிறவர் அவர்தான்.

"நில்லு நைனா, நில்லு. செவ்வாக்கெயமை மூணுலருந்து நாலரை ராகு காலம். இத்தினி வருசம் கயிச்சி வர்றே, கெட்ட நேரத்துல காலை வெக்காதே."

"அண்ணன் எங்கே?"

"உள்ளதான் கீறாரு. எங்க போயிடப் போறாரு?"

உள்ளே அண்ணன் இருமுவது கேட்டது. ஒருமுறை ஆரம்பித்தால் நிற்காத இருமல். நான் மரத்தடியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேவராசு அண்ணன் குடையில் பாதியை எனக்குக் கொடுத்து, மலேசியாவில் மழை உண்டா என்று விசாரித்தார்.

அண்ணன் மகன் கன்னியப்பன் எழுதிய கடிதம்தான் என்னைக் கிளப்பியது. 'நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது. படுத்தால் இருமல். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகவும்.' நான் ஈப்போவில் ரயில்வே பண்டகசாலையில் குமாஸ்தா. இருபது வயதில் கப்பலேறியவன், அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். கடிதத்தை மேலதிகாரியிடம் காட்டியதும் பத்து நாள் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கடல் தாண்டி வந்ததில் ஒரு சிரமமும் இல்லை. வாலாஜாபாத்தைத் தாண்டுவதுதான் பாடாகிவிட்டது. கடைவீதியில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டிரைவர் இறங்கி டயரை ஓர் உதை உதைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"ஸ்டெப்னி காஞ்சிபுரத்துல கீது சார். ஆளு போயிருக்கான், வந்துடும்," என்றார் கண்டக்டர், ஏதோ நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. உதிரி டயரை ஊரில் பத்திரமாக வைத்துவிட்டு வண்டியை ரோட்டில் ஓட்டுகிற மகா புத்திசாலிகள்! ஈப்போவில் இப்படிச் செய்தால் மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே பயணிகள் யாரும் கோபப்படவில்லை. இறங்கிப் புளிய மரத்தடியில் குந்தி வெற்றிலை போட்டார்கள்.

எதிரே ஒரு பாய் கடை. எண்ணெயிலிருந்து அள்ளிய போண்டாவைத் தட்டில் போட்டு நீட்டினார். பெட்டியை ஓரமாக வைத்து, கை கழுவிவிட்டு வருகிறேன் என்றேன்.

"அட, மொதல்ல ஒண்ணு துன்னு சார். ஆறிப்போச்சின்னா அப்பால இன்னா நாஷ்டா அது?" என்று அதட்டினார். நின்றபடியே தின்றேன், நாக்கு வெந்தது, ருசி அபாரம். அந்தப் பயணத்தில் முதல் நாளே எனக்குச் சரியான யோசனை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நாலரை மணி அடித்த பிறகு உள்ளே விட்டார்கள். அண்ணன் ஏகாம்பரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் நினைவில் இருந்தவர் ஏர்க்கலப்பையை ஒற்றைக் கையால் தூக்குகிறவர். இவர் தோள் எலும்பு துருத்தி, வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

"வந்தியா சபாபதி," என்றார். "ராகு காலத்துல மாட்டிக்கினியா?" சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வீடு முழுக்க மழை. அதே பழைய மண் சுவர் வீடு. கூரையில் ஓடு விலகி ஏழு இடத்தில் ஒழுகியது. குண்டான், அண்டா, சொம்பு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கீழே வைத்திருந்தார்கள். அண்ணன் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நெல் மூட்டை, அந்தப் பக்கம் ஈரச் சுவர். கன்னியப்பன் மனைவி சுகுணா, ஏழு மாதக் கர்ப்பிணி, நிறைந்த அண்டாவைக் குனிந்து தூக்கி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓடு மாத்தக் கூடாதா?" என்றேன்.

"புது வூட்டுக்குத்தான் போவப் போறமே, இதுக்கு எதுக்கு ஓடுன்னு வுட்டுட்டோம்," என்றார் பட்டம்மாள் அண்ணி.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபதடி தள்ளி, மழையில் கழுவி விட்டதுபோல் ஒரு மச்சு வீடு நின்றது. நீல வண்ணக் கதவு, சிமெண்டு ஜாலி, மாடிக்குப் படி. வாசலில் மூன்று ஆடுகள் நனையாமல் சுகமாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

"அது யார் வீடு?"

"நம்ம வூடுதான்," என்றார் அண்ணன். "ஆறு வருசம் ஆச்சி கட்டி முடிச்சி. இன்னும் பால் காய்ச்சல."

எனக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது. அன்று களைப்பில் பேசாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கன்னியப்பன் கதவைத் திறந்து காட்டினான். காஞ்சிபுரத்துக் கொத்தனார் போட்ட மொசைக் தரை, மெருகு குலையாமல். நான்கு பக்கமும் ஜன்னல். கூடத்தில் காற்றாடி, இறக்கையில் சுற்றிய செய்தித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. அடுப்பங்கரையில் புகைபோக்கி, அதில் குருவிக் கூடு. ஊரிலேயே காற்றும் வெளிச்சமும் நிறைந்த இடம் அதுதான். அதை ஆட்டுக்கும் குருவிக்கும் கொடுத்துவிட்டு மனிதர்கள் சேற்றில் கிடக்கிறார்கள்.

"ஏண்டா, ஏன்?" என்று கத்தினேன்.

அவன் விரல் விட்டு எண்ணினான். முதல் வருஷம், கட்டி முடித்தபோது ஆடி. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஒன்றுவிட்ட பெரியப்பா இறந்துவிட்டார், நெருங்கிய பங்காளி, ஒரு வருஷம் நல்லது செய்யக் கூடாது. வருஷம் முடிந்ததும் புரட்டாசி, அடைமழை, மார்கழி. தையில் நைனாவின் நட்சத்திரத்துக்குச் சேரவில்லை. அதற்குள் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் செத்தார். பிறகு அவனுக்கே கல்யாணம், ஒரே வருஷத்தில் இரண்டு சுபம் ஆகாது. இப்போது சுகுணா முழுகாமல் இருக்கிறாள். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் புது மனை புகக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது.

எங்கள் பங்காளி வகையறா பெரிசு. வருஷத்துக்கு ஒருவர் சாவார், ஒருவர் பிறப்பார். இவர்கள் கணக்குப்படி இந்தக் குடும்பத்தில் எல்லாரும் செத்து முடிந்தபின், யாரும் பிறக்காத ஒரு வருஷத்தில்தான் வீட்டுக்குள் போக முடியும். ஈப்போவில் என் பக்கத்து வீட்டுச் சீனரும் நாள் பார்க்கிறவர்தான். ஆனால் சுண்ணாம்பு காய்வதற்குள் ஒரு நாளைப் பிடித்து, பட்டாசு வெடித்து, சாயந்தரம் எங்களுக்கு மீ கோரேங் நூடுல்ஸ் கொடுத்து, அந்த வீட்டிலேயே குறட்டை விட்டார்.

வியாழக்கிழமை அண்ணனைக் கூண்டு வண்டியில் உத்திரமேரூருக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் வெகு நேரம் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். அண்ணனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"நெஞ்சு ரொம்பப் பலவீனமா இருக்கு. மாத்திரை தர்றேன். ஆனா மாசக் கணக்குதான், வருசக் கணக்குல நினைக்காதீங்க. ஈரத்துல மட்டும் படுக்க வைக்காதீங்க. காஞ்ச தரை, நல்ல காத்து. இருக்கிற நாளைக்கு நிம்மதியா மூச்சு விடட்டும்."

வெளியே வந்தால் கோயில் மதில். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு, எடுத்த ஓலையை அங்கேயே படித்து முடிவு சொன்ன ஊர் இது. கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஈப்போவில் மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கை தட்டுவோம். அதன் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கு ஒரு கதவைத் திறக்க ஆறு வருஷம் போதவில்லை. போய்க் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் அண்ணன். அவர் மேல் காட்ட முடியாத கோபத்தை வண்டிக்காரரிடம் காட்டி, நேராக வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக் கீரை, கருவாட்டுக் குழம்பு. இருபத்திரண்டு வருஷம் கனவில் கண்ட சாப்பாடு. ஒரு வாய்கூட இறங்கவில்லை. தேவராசு அண்ணன் தூக்குச் சட்டியோடு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கே அண்ணனைப் புது வீட்டுக்குக் கொண்டு போகிறேன். உங்கள் பஞ்சாங்கத்தை மடித்து வையுங்கள்."

"ஆடி மாசம் நைனா. நாளைக்கி அஷ்டமி வேற. வவுத்துப் புள்ளக்காரி கீறா. எதுனா ஒண்ணு ஆச்சின்னா நீ ஈப்போவுக்குப் போயிடுவே, நாங்க இங்க கெடந்து அய்வோம்."

"இப்போது மட்டும் என்ன ஆகிறது? மனுஷன் மூச்சுக்குத் திண்டாடுகிறான், நீங்கள் நட்சத்திரம் எண்ணுகிறீர்கள்! நாளை நாளை என்று ஆறு வருஷத்தைத் தின்றுவிட்டீர்களே, அவருக்கு மிச்சம் எத்தனை நாள் இருக்கிறது என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. இன்னும் கத்தியிருப்பேன். அண்ணி உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே என் கடிதங்கள்.

"கொய்ந்தனாரே, எங்கள நல்லா ஏசிட்டீங்க. இதையும் கொஞ்சம் படிங்க. சாவு வந்துது, ஆடி வந்துது, எல்லாம் நெசம்தான். அதுக்கு நடுவுல உங்க அண்ணன் ரெண்டு தபா நாளு குறிச்சி உங்களுக்கு எய்தினாரு. இந்தப் பெரியவரே பாத்துக் குடுத்த நாளுதான். நீங்க இன்னா எய்தினீங்க?"

எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் வருகிறேன்.' இரண்டாவது கடிதமும் ஏறக்குறைய அதே. லீவு கிடைக்கவில்லையாம். கேட்டால்தானே கிடைக்கும்! நான் கேட்கவே இல்லை. வீடு எங்கே ஓடிவிடப் போகிறது, அண்ணன் எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

"தம்பி இல்லாம பால் காய்ச்ச மாட்டேன்னுட்டாரு," என்றார் அண்ணி. "நாங்களாவது பஞ்சாங்கம் பாத்துக்கினு இருந்தோம். நீங்க இன்னாத்த பாத்துக்கினு இருந்தீங்க?"

கடிதங்களை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அண்ணன் கட்டிலிலிருந்து, "வுடு பட்டு, அவன் இப்ப வந்துட்டானில்ல," என்றார். அவ்வளவு நேரம் ஊரார் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேல் திரும்பியது. அது இன்றுவரை தணியவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆடியில் இப்படி ஒரு மழையை யாரும் பார்த்ததில்லை என்றார்கள். ஒன்பது மணிக்கு மேல் மாட்டுக்கொட்டகைப் பக்கத்துச் சுவர் ஊறிப்போய்ச் சரிந்தது. அண்ணனின் கால் மாட்டில், ஒரு முழ தூரத்தில், மண்ணும் ஓடும் குவியலாக விழுந்தன. கன்னியப்பனும் நானும் கட்டிலோடு அவரை நடுவே இழுத்தோம்.

சத்தம் கேட்டுத் தேவராசு அண்ணன் குடையோடு ஓடி வந்தார். "எங்க வூட்டுக்கு வந்துடுங்க. ஒம்போதுலருந்து பத்தரை ராகு காலம், பத்தரைக்கு மேல கெளம்புங்க," என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

சுகுணா மூலையில் இருந்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். புது வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"அடியே, வவுத்துல புள்ளைய வெச்சிக்கினு எங்கடி போறே?" என்று அண்ணி அலறினார்.

சுகுணா திரும்பி நின்றாள். "அந்தப் புள்ளைக்குத்தான் அத்தை எடம் பாக்கறேன். இங்க செவுரு மேல வியுந்தா மட்டும் அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

ஆடுகளை விரட்டிவிட்டு அவள் நீலக் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டாள். அண்ணன் ஒரு கணம் அவள் போன திசையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "சபாபதி, தூக்கி வுடு."

நானும் கன்னியப்பனும் தாங்கிப் பிடித்துக் கொண்டு போனோம். இருபதடிக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நிலைப்படியில் வந்து, "எந்தக் கால்டா மொதல்ல?" என்றார். "எது வருதோ அதை வை," என்றேன். இடது கால்தான் வந்தது.

அண்ணி மழையில் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அழுகிறாரா, மழையா என்று தெரியவில்லை. திடீரென்று பழைய வீட்டுக்குள் ஓடினார், பால் சொம்போடு வெளியே வந்தார். "பால் காய்ச்சாம எவன்டா வூட்டுக்குள்ள நொயயறது? நில்லுங்கடா!" என்று கத்திக்கொண்டு எங்களைத் தள்ளிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார். கொத்தனார் விட்டுப்போன மூன்று செங்கல், ஈர விறகு. குருவிக் கூடு அடைத்துக்கொண்டு புகை முழுக்க வீட்டுக்குள்ளேயே வந்தது. எல்லாரும் இருமினோம். அண்ணன் தனியாக இருமாத முதல் வேளை அது. பால் பொங்கியது. கன்னியப்பன் காற்றாடியைச் சுற்ற விட்டான், ஆறு வருஷத்துத் தூசி எங்கள் தலையில் கொட்டியது. அண்ணன் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமையே நான் சென்னைக்குப் போய் விமான டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். தேதியை மாற்ற என்ன காரணம் என்று கேட்ட பெண்ணிடம் அண்ணனோடு இருக்க வேண்டும் என்றேன். ஈப்போ ஆபீசுக்குத் தந்தி அடித்தேன். எல்லாம் அரை நாள் வேலை. இதைத்தான் இருபத்திரண்டு வருஷம் செய்யாமல் இருந்தேன்.

அண்ணன் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மொசைக் தரையில் உட்கார வைத்தார். ஏரியில் பிடித்த கெளுத்தி வேண்டும் என்றார், மருத்துவர் காரம் கூடாது என்றாரே என்று அண்ணி இழுத்தார். "அந்தாளு வந்தா அவருக்கும் ஒரு துண்டு போடு," என்றார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்து என்னோடு ஆடு புலி ஆட்டம் ஆடினார். புதுத் தரையில் கிறுக்கலாமா என்று அண்ணி சத்தம் போட்டார். "தரை வேற எதுக்குக் கீது?" என்றார். ஐந்து ஆட்டத்தில் நான்கு அவர் ஜெயித்தார். இருமல் போய்விடவில்லை, ஆனால் இருமி முடித்ததும் முழு மூச்சு இழுக்க முடிந்தது. அதைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் ஆறு வருஷமாக இது பக்கத்திலேயே கிடந்ததே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

புது வீட்டுக்கு வந்த பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில் காபி கேட்டார். சுகுணா கொண்டு வந்து கொடுத்தாள். இரண்டு வாய் குடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டினார், நான் வாங்குவதற்குள் கை தளர்ந்துவிட்டது. அவ்வளவுதான். என் அண்ணன் போய்விட்டார்.

கொள்ளி வைத்துவிட்டு, ஏரியில் முழுகி, மத்தியானம் வீடு திரும்பினோம். பெண்கள் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். வாசலில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். தேவராசு அண்ணன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவரும் அழுதிருக்கிறார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"பூரட்டாதி நட்சத்திரம்," என்றார். "அடைப்பு கீது. ஆறு மாசம் வூட்ட மூடிடணும், யாரும் பொயங்கக் கூடாது. இன்னிக்கே எல்லாரும் எங்க வூட்டுக்கு வந்துடுங்க. அன்னிக்கே சொன்னேன், அஷ்டமியில நொயயாதீங்கன்னு. கேட்டீங்களா? அதான் ஆள இட்டுக்கினு போயிடுச்சி."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் போனார். தலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா பெரியவரே, அஷ்டமியிலதான் நொயஞ்சோம். நான்தான் பால் காய்ச்சினேன். வூடு கட்டி ஆறு வருசத்துல எத்தினி அஷ்டமி வந்துதுன்னு அந்தப் பொஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க. மொத அஷ்டமியிலயே நொயஞ்சிருக்கணும் நாங்க."

அண்ணி உள்ளே போனார். அண்ணன் படுத்திருந்த ஜன்னலோரத்தில், இன்னும் காயாத தரையில், பாய்கூட விரிக்காமல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சுகுணா அடுப்பை மூட்டி உலை வைத்தாள்.